குடை ஆஜர்

எல்லோரும் நலம்தானே? முழங்கால் வலி, சர்க்கரை, மூக்கடைப்பு எல்லாம் ஒரு கட்டுக்குள் இருக்கிறதா? மழை நாளில் வெளியே போனால் மறக்காமல் குடை எடுத்துக்கொண்டு போங்கள். போன இடத்தில் அதை நாற்காலியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். ஒரு ரேஷன் கடையில் அப்படி மாட்டிய குடை என்ன பாடு படுத்தியது என்று கேட்டால் நீங்களே சொல்வீர்கள், நனைந்தே போயிருக்கலாம் என்று.

அந்தக் கடையில் எடை போடுகிறவளுக்கு எடையக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரிசி அவள் கையில் அல்லவா இருக்கிறது! காலையில் ஷட்டரைத் தூக்குவது, மூட்டை பிரிப்பது, நிறுப்பது, வரிசையில் முண்டுகிறவர்களை அதட்டுவது, மண்ணெண்ணெய் சிந்திய இடத்தில் சாக்கைப் போடுவது, சாயங்காலம் பெருக்கிப் பூட்டுவது எல்லாமே அவள்தான். கடையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓர் அறை. அதில் அவளும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். புருஷன் அறை வாசலில் சைக்கிள் பழுது பார்ப்பவர். கடை போனால் வேலையோடு வீடும் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

கடைக்கு உரிமம் வைத்திருந்தவர் முதலாளி. தங்கமான மனிதர். கடைப்பக்கம் வந்ததே இல்லை, அதனால் அந்தப் பெயர் கடைசிவரை கெடவில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. உரிமையாளர் கடை நேரம் முழுவதும் தமக்குரிய நாற்காலியில் நேரில் இருக்க வேண்டும் என்று விதி. முதலாளி கடையைத் திறந்து வைத்த அன்று வந்தார், நாற்காலியின் கைப்பிடியில் குடையை மாட்டினார், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். அந்த டீயை அவர் குடித்து முடிக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"முதலாளி எங்கக்கா?"

"டீ குடிக்கப் போயிருக்கார் சார். குடை இங்கதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் குடையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "குடை இருந்தா ஆள் இருக்கார்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, 'உரிமையாளர் நேரில் இருந்தார்' என்று எழுதிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை பார்க்கும் வட்டார அலுவலகத்திலும் அதுதான் வழக்கம். அங்கே ஒரு நாற்காலியில் கோட்டு வேலை பார்க்கும், பக்கத்து நாற்காலியில் கைப்பை வேலை பார்க்கும், ஜன்னலோரத்தில் ஒரு மஃப்ளர் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும்.

அப்புறம் ஒரு நாள் பேய்க்காற்று அடித்ததில் முதலாளியின் குடை கம்பி கம்பியாகப் பிய்ந்துபோனது. எடையக்கா பதறிப்போய்த் தன்னுடைய சொந்தக் குடையைக் கொண்டுவந்து நாற்காலியில் மாட்டினாள். அதன் வளைந்த பிடியின் மேலுறை ஏற்கெனவே உடைந்திருந்தது. அவள் புருஷன் பச்சை நிறத்தில் சைக்கிள் ஹேண்டில்பார் உறை ஒரு ஜோடி வாங்கி, ஒன்றைக் குடைக்கு மாட்டினார். மிச்சத்தைத் தூக்கிப்போட மனசு வராமல் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து அந்த சைக்கிள் ஒரு கை பச்சை, ஒரு கை கறுப்பு என்று ஓடியது.

"அக்கா, மழையில நனைஞ்சுட்டு வரீங்களே, குடை இல்லையா?" என்று யாராவது கேட்டால், "இருக்கு. அது வேலைக்குப் போயிருக்கு" என்பாள் எடையக்கா.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி இறந்துபோனார். ஊரே போய் அழுதது. இன்ஸ்பெக்டரும் வந்தார். எல்லோரையும்விடப் பெரிய மாலை அவருடையதுதான். போட்டுவிட்டு எடையக்காவிடம், "மனுஷன் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரமே கடைக்கு வந்தவர், நாற்காலியைப் பார்த்தார், குடை இருந்தது, 'உரிமையாளர் நேரில் இருந்தார்' என்று எழுதினார். கை பழகிவிட்டது, பாவம்.

கடைச் சுவரில் துறையே பெயிண்டில் எழுதிவைத்த விதிகள் உண்டு. அதில் கடைசி வரி: உரிமையாளர் இறந்தால், அந்தக் கடையிலேயே வேலை செய்துவருபவருக்கு உரிமத்தில் முதல் உரிமை. மூட்டைகளுக்கு மேலே அது தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் புருஷன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது உன்னைத்தான் சொல்லுது" என்றார்.

"எல்லாரையும் சொல்லுது."

"இங்க வேற யாரு இருக்கா? நீயும் எலியுந்தான். எலிக்கு எழுதத் தெரியாது. நீ போய்க் கேளு."

போனாள்.

வட்டார அதிகாரிக்கு உடம்பைவிட மேஜை பெரிது. அதிசயமாக அன்று அவரே நாற்காலியில் இருந்தார். அவருடைய கோட்டு சலவைக்குப் போயிருந்தது. எடையக்கா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"முதலாளி இறந்துட்டார் சார். விதிப்படி உரிமம் எனக்கு வரணும்னு சுவத்துல எழுதியிருக்கு."

அதிகாரி ஆய்வு அறிக்கையைத் தருவித்துப் பார்த்தார். "யாரும்மா இறந்தது? போன வாரம்கூட நேர்ல இருந்திருக்காரே."

"அதுக்கு முந்தின வாரம் அடக்கம் பண்ணியாச்சு சார். உங்க இன்ஸ்பெக்டர் சார்கூட மாலை போட்டாரு."

இன்ஸ்பெக்டர் கூப்பிடப்பட்டார். "மாலை போட்டது தனிப்பட்ட முறையில சார். அறிக்கை எழுதினது அலுவல் முறையில. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது" என்றார்.

"கேட்டியாம்மா?" என்றார் அதிகாரி. "டாக்டர் ஒருத்தர் செத்துட்டார்னு சொல்லலாம். சொல்லிட்டுப் போகட்டும், அவர் சுகாதாரத் துறை. எங்க துறையில ஒருத்தர் சாகணும்னா நாங்கதான் சொல்லணும். இப்படி ஆளாளுக்குச் செத்துக்கிட்டு இருந்தா நிர்வாகம் என்ன ஆகறது?"

"அப்ப அவர் எப்ப சார் சாவாரு?"

"அவசரப்படாதே. விசாரிப்போம்."

அதிகாரி இவ்வளவு பாசத்தோடு முதலாளியை உயிரோடு வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இறந்த உரிமையாளரின் கடை அங்கே வேலை செய்கிறவருக்குப் போகும். உயிரோடு இருக்கும் உரிமையாளரோ தன் கடையைத் தனக்குப் பிடித்த யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். அதிகாரியின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு சம்பந்தி இருந்தார். ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க மருமகளை, அதாவது அதிகாரியின் மகளை, டீ போடச் சொல்லிக்கொண்டே இருப்பவர். அவருக்கு ஒரு கடை பார்த்து உட்கார வைத்தால் மகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். தகப்பன் மனசு. அவரையும் முழுக்கத் திட்ட முடியவில்லை, பாருங்கள்.

ஆகவே ஒரு குழு கடைக்கு வந்தது. அதிகாரி, இன்ஸ்பெக்டர், பின்னால் சம்பந்தி. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதிகாரி நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்து, குடையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

குடை சும்மா இருந்தது.

"உடல்நலம் குறித்துப் புகார் இல்லைன்னு எழுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம். மறுபடி குடையிடம் திரும்பினார். "தங்கள் கடையை இதோ நிற்கிற இந்தப் பெரியவருக்கு மாற்றிக் கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா?"

வரிசையில் ஒரு குழந்தை தும்மியது. அதிகாரி அதை முறைத்தார். பிறகு ஒரு நாகரிகமான இடைவெளி விட்டு, "ஆட்சேபம் இல்லை" என்றார்.

எடையக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அது குடை சார்!"

"தெரியும்மா. நான் என்ன குருடா? மனுஷங்ககிட்ட கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. இந்த மாதிரி ஒத்துழைப்பு எனக்குக் கிடைச்சதே இல்ல."

சம்பந்தி நாற்காலியைச் சுற்றி வந்து, மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கே, சம்பந்தி" என்று குறைப்பட்டுக்கொண்டார். பின்னறைக் கதவைத் தட்டி, "இங்க ஒரு கட்டில் போடலாமா? மத்தியானம் கண்ணயரணும்" என்றார். உள்ளே அடுப்பில் எடையக்காவின் சாதம் வெந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஏங்க, என்னையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிடுவாங்க போல" என்றாள்.

"கோர்ட்டுக்குப் போவோம்" என்றார் புருஷன்.

"வக்கீலுக்கு எங்க போறது?"

"என்கிட்ட வந்து பஞ்சர் ஒட்டிக்கிற வக்கீல் ஒருத்தர் இருக்கார்."

அவருக்குத் தேதி வக்கீல் என்று பட்டப்பெயர். எழுந்து நிற்பார், "அடுத்த தேதி வேணும் ஐயா" என்பார், உட்காருவார். தொழிலில் அவர் வேறெதுவும் பேசிக் கேட்டவர்கள் இல்லை. அவருடைய கட்சிக்காரர்களில் சிலர் வழக்குப் போட்டபோது கல்யாணமாகாதவர்கள். இப்போது மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடையக்கா வழக்கிலும் அவர் பல தேதிகளை வாங்கிக் குவித்தார். அதற்குள் சம்பந்தி கடை வாசலுக்கு வந்து அளவெடுத்துப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். கட்டிலும் வந்து, பின்னறை வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே நிறுத்தியாகிவிட்டது.

கடைசியில் வழக்கைக் கேட்ட தீர்ப்பாயத் தலைவருக்கே அலுத்துப்போனது. "இன்னிக்கு முடிச்சே ஆகணும்" என்று சொல்லிவிட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"உரிமையாளர் வந்திருக்காரா?"

"ஆஜர் ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டு கையாலும் குடையை ஏந்தி வந்து, சாட்சிக்கூண்டின் கம்பியில் மரியாதையாக மாட்டினார். சேவகர் பழக்கதோஷத்தில் அதனிடம், "சொல்வதெல்லாம் உண்மைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திருப்தியடைந்து போய்விட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்ன?"

வட்டார அதிகாரி எழுந்தார். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன். "ஐயா, இது எங்கள் துறையின் நம்பிக்கை. மனிதன் வருவான், போவான். வெளியே போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. குடை அப்படியல்ல. வைத்த இடத்தில் இருக்கும். லஞ்சம் கேட்காது, யூனியன் வைக்காது. நாங்கள் இத்தனை வருடம் ஆய்வு செய்தது இந்தக் குடையைத்தான் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் குடைக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் இந்தக் கடையின் உரிமையாளர். அவர் ஒரு நாள் தவறாமல் கடையில் இருந்தார். அதற்கு எங்கள் துறையின் ஒவ்வொரு அறிக்கையும் சாட்சி. இதை நான் சத்தியம் செய்து சொல்லத் தயார்."

"செய்யுங்க" என்றார் தலைவர். அதிகாரி செய்தார்.

தேதி வக்கீல் எழுந்து, "அடுத்த தேதி வேணும் ஐயா" என்றார். தலைவர் கையை அசைத்தார், வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். உரிமையாளர் மறுப்புச் சொல்லாததால் கடை சம்பந்திக்கு, பின்னறையும் அவருக்கே, நாற்காலி, தராசு, கடையில் உள்ள சாமான்கள் அத்தனையும் அவருக்கே. சம்பந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே மழையைப் பார்த்தார், கூண்டுக்குப் போய்க் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

இவ்வளவு நேரம் மலைத்துப்போய் நின்ற எடையக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். கடை போவது அவளுக்குப் புரிந்துவிட்டது. வீடு போவதும் புரிந்துவிட்டது. இந்த மழையில் எப்படி வீட்டுக்குப் போய்ச் சாமான்களைக் கட்டுவது என்பதுதான் அவள் கவலை.

"ஐயா, கடையை எடுத்துக்கட்டும், கட்டிலைப் போட்டுக்கட்டும். அந்தக் குடையை மட்டும் என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. அது என்னோட குடை."

எழுத்தரின் விரல்கள் நின்றன.

"உன் குடையா?" என்றார் தலைவர்.

"முதலாளி குடை காத்துல பிஞ்சுபோச்சுங்க ஐயா. அதிலேர்ந்து இதைத்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன். மழையில நான் நனைஞ்சதுதான் மிச்சம்."

"பொய்!" என்று கத்தினார் சம்பந்தி. "கறுப்புக் குடை ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கு. அது உன்னோடதுன்னு என்ன அடையாளம்?"

"பச்சைப் பிடி" என்றார் பின்வரிசையிலிருந்து எடையக்காவின் புருஷன். "ஒரு நிமிஷம் இருங்க ஐயா." வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில், சொட்டச் சொட்ட நனைந்த சைக்கிளைத் தீர்ப்பாயத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். சேவகர் தடுக்கப் பார்த்தார். அதற்குள் சைக்கிள் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து ஸ்டாண்டு போட்டு நின்றுவிட்டது.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். சம்பந்தியின் கக்கத்திலிருந்து குடையை உருவி, சைக்கிளின் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். அதே பச்சை. அதே ரப்பர். உறையின் முனையில் அதே போலக் குட்டி நட்சத்திரம். சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்தும் பார்த்தார். அது எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"இந்தக் குடை இந்தம்மாவோடது" என்றார். "ஏன் சார், அப்ப ஆய்வு அறிக்கை எல்லாம் பொய்யா?"

அதிகாரிக்கு வியர்த்தது. பொய் என்றால் இன்ஸ்பெக்டர் மாட்டுவார். இன்ஸ்பெக்டர் மாட்டினால் ஒவ்வொன்றிலும் மேலொப்பம் வைத்த அவர் மாட்டுவார். "எங்கள் துறை பொய் எழுதாது ஐயா" என்றார், குரல் உள்ளே போய்.

"குடைக்குச் சொந்தக்காரர் தினமும் கடையில இருந்தது நிஜம்?"

"நிஜம் ஐயா."

"அவர்தான் உரிமையாளர்னு சத்தியம் பண்ணினீங்க?"

"பண்ணினேன் ஐயா."

"சரி, இப்ப சொல்லுங்க. உரிமையாளர் யாரு?"

அதிகாரி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி அதிகாரியைப் பார்த்தார். மகளுடைய டீக் கெட்டில் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "இந்தம்மாதான் ஐயா" என்று முனகிவிட்டு அதிகாரி உட்கார்ந்தார்.

தலைவர் மேடைக்குத் திரும்பி, "அடிச்ச தீர்ப்பைக் கிழிச்சுப் போடுங்க. புதுசா அடிக்கணும். இல்ல, யாருக்காவது அடுத்த தேதி ஏதாவது வேணுமா?" என்று தேதி வக்கீலைப் பார்த்தார்.

தேதி வக்கீல் எழுந்தார். வாய் பழக்கத்தில் 'அடு' என்று தொடங்கிவிட்டது. எடையக்காவின் புருஷன் சைக்கிள் மணியை ஓங்கி அடித்தார். வக்கீல் திடுக்கிட்டு, "வேண்டாம் ஐயா!" என்றார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அதுதான் சிறந்த வாதம் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

உரிமம் எடையக்காவுக்கு வந்தது. சம்பந்தியின் கட்டிலை அவரே ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். வண்டிக்காரர், "சாருக்குக் கடை கிடைச்சுதா?" என்று கேட்டதற்கு, "கட்டிலைப் பார்த்து ஏத்துய்யா" என்றாராம்.

முதல் நாள் கடை திறந்ததும், எடையக்கா தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். சம்பந்தி சொன்னது சரிதான், கல்லு மாதிரிதான் இருந்தது. "இனி நானே இருக்கேனே, குடை எதுக்கு? நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று அதைப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் பச்சைப் பிடியைப் பிடித்துக்கொண்டு, பல வருடத்துக்குப் பிறகு நனையாமல் ட்யூப் வாங்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஆய்வுக்கு வந்தார். எடையக்கா எழுந்து அவருக்கு ஸ்டூல் போட்டாள், டீ வரவழைத்தாள், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் டீயை ரசித்துக் குடித்தார், நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். மறுநாள் நோட்டீஸ் வந்தது: கடை நேரத்தில் உரிமையாளர் நேரில் இல்லை, உடனே விளக்கம் தரவும்.

எடையக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். "சார், நான்தானே உங்களுக்கு ஸ்டூல் போட்டேன்?"

"ஆமாக்கா."

"டீ வாங்கிக் குடுத்தேன்?"

"நல்ல டீக்கா. நீங்க இல்லேன்னு நான் எங்க சொன்னேன்?" என்றார் இன்ஸ்பெக்டர் மனசார. "குடை இல்லையேக்கா."

அவள் கடைக்குத் திரும்பி வந்தாள். "ஏங்க, குடையைக் குடுங்க" என்றாள். புருஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொடுத்தார். பச்சைப் பிடியால் அதை நாற்காலியில் மாட்டினாள். உரிமையாளர் வந்துவிட்டதால், எடையக்கா எழுந்து எடை போடப் போனாள்.

இவ்வளவுதான் கதை. உங்கள் பக்கத்து அலுவலகங்களில் நாற்காலியில் எது உட்கார்ந்திருக்கிறது? கோட்டா, பையா, மூக்குக் கண்ணாடியா? அதனிடம் நீங்கள் ஏதாவது மனு கொடுத்தீர்களா, அது என்ன பதில் சொன்னது? ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். குடையை வைத்துவிட்டு எங்கேயும் போகவில்லை.